விழுங்கக்கூடாத ஓர் அசை

அத்தான் தேநீர்க் கரண்டியை எடுத்து மேசையில் தட்டினார். நாலு தட்டு. நாலும் ஒரே சத்தம்.

"பேர். சிக். கியூ. ஷன்," என்றார். "இப்ப சரிதானே?"

"இல்லை அத்தான்."

"என்ன இல்லை? ஒரு எழுத்தும் விடேல்லையே!"

"அதுதான் பிழை. எல்லா எழுத்தையும் சொல்லுறீங்கள்."

அவர் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஊரில் தமிழ் படிப்பித்துத் தலை நரைத்த மனிதர். எழுத்தை விட்டதற்காகப் பிள்ளைகளை வாங்கில் ஏற்றி நிறுத்தியவர். எழுத்தை விடாமல் சொன்னது பிழை என்று ஒருத்தி சொல்வதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறார்.

"உது என்ன விசர்ப் பாஷை, சாந்தி?" என்றார்.

எண்பதுகளின் நடுப்பகுதி. ஒக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கில்லில் நாங்கள் வாடகைக்கு இருந்த மரவீட்டின் குசினி. குளிர்காலம் என்றால் அந்த வீட்டில் ஹீட்டர் இருந்த இடம்தான் வீடு, மற்ற அறையெல்லாம் வெளி. ஹீட்டருக்கு முன்னால் நாற்காலியில் காலுறைகள் காய்ந்துகொண்டிருக்கும். அடுப்பில் பருப்பு கொதித்து யன்னல் கண்ணாடியெல்லாம் ஆவிப் புகார் பிடித்திருக்கும். அந்த ஈரக் காலுறை மணமும் பருப்பில் விழுந்த உள்ளியின் மணமும் சேர்ந்து எங்கேயாவது வந்தால் இன்றைக்கும் எனக்குக் கரண்டிச் சத்தம் கேட்கிறது.

போன கிழமை இந்தப் பத்தியில் என் கணவருடைய பழைய காரைப் பற்றி எழுதியபோது, "அத்தானும் பின்சீட்டில் இருந்தார்" என்று ஒரு வரி போட்டுவிட்டு ஓடிவிட்டேன். ஒக்லாந்தின் மாசிப் பகுதியிலிருந்து ஒரு வாசகி விடாப்பிடியாகக் கேட்கிறார், யார் அந்த அத்தான், பிறகு அவருக்கு என்ன ஆயிற்று என்று. சொல்கிறேன், சகோதரி. இந்த வாரம் முழுக்க அவர்தான்.

ஒரு சொல்லில் நின்ற கதை

அத்தான் என் அக்காவின் கணவர். எங்களைப் பார்க்க வருவதாக விசா எடுத்து வந்தார். வந்த பிறகுதான் சொன்னார், தான் திரும்பிப் போக முடியாது என்று. அக்காவும் இரண்டு பெண்பிள்ளைகளும் யாழ்ப்பாணத்தை விட்டு வெள்ளவத்தையில் ஒரு அறையில் இருந்தார்கள். அத்தானை இங்கே இருக்க விட்டால் அவர்களும் வரலாம். விடாவிட்டால் அவரும் போகவேண்டும். அந்த முடிவு, குடிவரவு அலுவலகத்தில் நடக்கப்போகும் ஒரு நேர்முகத்தில் இருந்தது.

அந்த நாளில் ஒக்லாந்தில் தமிழர் என்றால் எல்லோரும் எல்லோரையும் அறிந்தவர்கள். கோயில் கூட இல்லை, யாராவது வீட்டு வரவேற்பறையில்தான் வெள்ளிக்கிழமைப் பூசை. மொழிபெயர்க்க வெளி ஆள் ஒருவரைத் தேடினால், அவர் போன வெள்ளிக்கிழமை எங்களோடு இருந்து வடை சாப்பிட்டவராக இருப்பார். அலுவலகத்தில் அதை ஒத்துக்கொள்ளமாட்டார்கள். அதனால் அத்தான் ஆங்கிலத்திலேயே கதைப்பதாக ஏற்பாடு. துணைக்கு உறவினர் ஒருவர் பக்கத்தில் இருக்கலாம், ஆனால் வாய் திறக்கக்கூடாது.

அத்தானுக்கு அதில் கவலை இல்லை. "என்ர கதையை நான்தான் சொல்லோணும். மற்றவன் சொன்னா அது அவன்ர கதை," என்றார்.

ஆங்கிலம் அவருக்கு வாசிக்கத் தெரியும், எழுதத் தெரியும். இலக்கணப் பிழை ஒன்று காட்டமுடியாது. ஆனால் அவர் பேசினால் இந்த ஊர் ஆட்களுக்கு விளங்காது. சட்டத்தரணி ஒருவர் அவருடைய கதையைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்கள் சொல்லவேண்டியது இந்தச் சொல்தான்," என்று ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்திருந்தார். பெர்சிக்யூஷன். துன்புறுத்தல் என்று தமிழில் சொல்லலாம். விடாமல் துரத்தித் துரத்தித் துன்புறுத்துவது. அந்தச் சொல் விளங்கினால் கதை விளங்கும்.

அதற்குத்தான் கரண்டி.

மணி அடித்தால் வெட்டு

எனக்கு மட்டும் அந்தப் பாஷையின் குத்தும் வெட்டும் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நானும் அடி வாங்கித்தான் படித்தேன்.

குயின் வீதியில் ஒரு உயரமான கட்டடத்தில், வழக்கறிஞர்களின் அலுவலகம் ஒன்றில், நான் தட்டச்சுக்காரி. ஓ.எல்.லில் ஆங்கிலத்துக்கு அதிதிறமைச் சித்தி, சுருக்கெழுத்து வேறு. அந்தத் திமிரோடுதான் போனேன். முதல் கிழமையே திமிர் இறங்கிற்று.

தட்டச்சு தெரிந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். வரி முடியப்போகிறது என்றால் ஒரு மணி அடிக்கும். இன்னும் சில எழுத்துக்குத்தான் இடம். சொல் நீளம் என்றால் அதை எங்கே வெட்டி, சிறு கோடு போட்டு, மிச்சத்தை அடுத்த வரிக்கு அனுப்புவது என்று கை யோசிக்கவேண்டும். இப்போது கணினி தானே பார்த்துக்கொள்கிறது. அப்போது நாங்கள்தான் கசாப்புக்காரர்.

நான் 'அட்மினிஸ்ட்ரேஷன்' என்ற சொல்லை வெட்டினேன். எங்கே இடம் முடிந்ததோ அங்கே. 'ஷன்' என்பதன் தலை ஒரு வரியில், உடல் அடுத்த வரியில்.

தட்டச்சு அறைக்குப் பொறுப்பு டொரீன் என்ற பெண்மணி. பெரிய உடம்பு, பெரிய மனசு, அதைவிடப் பெரிய குரல். கடதாசியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இதை எங்கே வெட்டியிருக்கிறாய் என்று பார். இரத்தம் வருகிறது!"

எனக்கு முகம் சிவந்துவிட்டது. அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். துளையிடும் கருவியை எடுத்து மேசையில் குத்தினாள். "அட்-மின்-இஸ்-ட்ரே-ஷன்." மூன்று சின்னத் தட்டு, 'ட்ரே'யில் ஒரு பெரிய குத்து, பிறகு 'ஷன்' மெல்ல விழுந்தது. மேசையில் இருந்த தேநீர்க் கோப்பை ஆடிற்று.

"ஷன் ஒரே துண்டு. அதை வெட்டாதே. அதுக்கு முன்னால் நிற்கிறவன் எவனோ, அவன்தான் குத்து வாங்குவான். எப்போதும்."

நான் சோதித்துப் பார்த்தேன். இன்ஃபர்மேஷன், எடியுகேஷன், ரெஜிஸ்ட்ரேஷன். ஐயோ, உண்மைதான்! இத்தனை வருடம் படித்தேன், ஒரு வாத்தியும் இதைச் சொல்லித் தரவில்லையே என்று கோபம் வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லா எழுத்துக்கும் ஒரே அளவு பங்குதான். பந்தியில் பாயசம் ஊற்றுவது மாதிரி, எல்லா இலைக்கும் ஒரு அகப்பை.

பிறகு டொரீன் 'ஃபோட்டோகிராஃப்' குடும்பத்தைக் காட்டினாள். படம் என்றால் முதலில் குத்து. எடுக்கிறவர் என்றால் குத்து ஒரு படி நகரும். அதைப் பற்றியது என்று வால் மாற்றினால் இன்னும் ஒரு படி நகரும். சொல்லுக்கு வாலை மாற்றினால் குத்து தன் இடத்தை மாற்றிக்கொள்கிறது. வெட்டும் அதோடு மாறுகிறது. அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது வழி நெடுகக் கடைப் பலகைகளை வாசித்து என் மடியில் விரலால் குத்திக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த கிழவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

அதே பஸ்ஸில்தான், வந்த புதிதில், "டோ-மி-னி-யன் ரோட்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லி டிக்கெட் கேட்டபோது, சாரதி என்னை வேற்றுக் கிரகத்தாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். டொரீனின் பாடத்துக்குப் பிறகு, "ட'மின்யன்," என்றேன். வாய்க்குள் பாதி, வெளியே பாதி. அவன் தலையைக்கூடத் திருப்பாமல் டிக்கெட் கிழித்தான். இந்த ஊருக்கு நான் வந்து சேர்ந்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

ஓமும் ஹோமும்

அத்தானுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. எங்கள் 'ஓம்'.

எங்கள் தெருவில் மதுரைக்காரி மீனா இருந்தாள். அவள் 'ஆமா' என்பாள், நாங்கள் 'ஓம்' என்போம். "நீங்க என்ன எப்பப் பாத்தாலும் தியானத்துலயே இருக்கீங்க?" என்று சிரிப்பாள். அது சிரிப்போடு போயிற்று. மூலைக் கடையில் நடந்தது அப்படி இல்லை.

மூலைக் கடையை இங்கே டெய்ரி என்பார்கள், பாலும் பாணும் பத்திரிகையும் விற்கும் கடை. அத்தான் பால் வாங்கப் போனார். கடைக்காரப் பெண்மணி, "பையில் போடவா?" என்று கேட்டிருக்கிறாள். அத்தான் பழக்கத்தில், "ஓம்," என்றார்.

"ஹோம்?" என்றாள் அவள். "ஆமாம் கண்ணா, வீட்டுக்குத்தான் கொண்டுபோகவேண்டும்."

வீட்டுக்கு வந்து அத்தான் இதை நடித்துக் காட்டினார். நானும் இவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சிரித்து முடிந்தபோது இவர் சொன்னார்.

"அண்ணை, பகிடி சரி. ஆனா அங்க, நேர்முகத்தில, 'திரும்பிப் போக விருப்பமோ' எண்டு கேட்டு, நீங்கள் கேள்வி விளங்காம ஓம் எண்டிட்டீங்கள் எண்டால், ஹோம் போகோணுமாம் எண்டு எழுதிப்போட்டு முடிச்சிடுவாங்கள்."

அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. அத்தான் பால் போத்தலைக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டு வந்து தானாகவே கரண்டியை எடுத்தார்.

தேமா நறும்பூ

அத்தானுக்கு ஆங்கிலச் சொல்லை அசை பிரிக்கச் சொல்லிக் கொடுக்கவே தேவையில்லை. பிரித்துப் பிரித்தே வாழ்ந்த மனிதர். நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா என்று எத்தனை பிள்ளைகளைக் கத்தவிட்டிருப்பார். சண்டை எல்லாம் குத்தில்தான்.

"தமிழில ஒவ்வொரு எழுத்துக்கும் மாத்திரை எண்டு ஒண்டு இருக்கு," என்று தொடங்குவார். "குறிலுக்கு ஒண்டு. நெடிலுக்கு ரெண்டு. ஒற்றுக்குக்கூட அரை குடுத்திருக்கு. உங்கட இங்கிலீசில என்ன நடக்குது? ஒருத்தனுக்கு வயிறு முட்டச் சோறு, மற்றவன் எல்லாம் பட்டினி."

"ஓம் அத்தான். அப்பிடித்தான்."

"இது அநியாயம்."

"அநியாயம்தான். குத்துங்கோ."

ஒருநாள் பகிடிக்கு 'ரெஸ்பொன்சிபிலிட்டி'யைக் கொடுத்தேன். விரல் விட்டு எண்ணினார். ரெஸ், பொன், சிபி, லிட், டி.

"நேர் நேர் நிரை நேர் நேர். அஞ்சு அசை! நாலுக்கு மேல தமிழில சீரே கிடையாது. இந்தச் சொல்லு இலக்கணத்துக்கு வெளியால போட்டுது," என்றார்.

பேப்பருக்குப் பின்னால் இருந்து இவரின் குரல் வந்தது. "பொறுப்பு எண்டு சொன்னா ரெண்டு அசையோட சோலி முடிஞ்சுது." விரி என்ற இடத்தில் ஒரு தொழிற்சாலையில் இவருக்கு வேலை. முறை முடிந்து வந்தால் பேப்பருக்குப் பின்னால்தான் இருப்பார். வாய் மட்டும் வெளியே வரும்.

பிறகு அத்தான் தன் சொல்லுக்கு வந்தார். பேர், சிக், கியூ, ஷன். நேர் நேர் நிரை நேர். வாய்பாடு தேட அவருக்கு ஒரு கணம்கூட ஆகவில்லை.

"தேமா நறும்பூ," என்றார்.

சொல்லிவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தார். நானும் கரண்டியைத் தொடவில்லை.

"கோதாரியில போற சொல்லுக்கு இவ்வளவு வடிவான வாய்பாடோ?" என்றார் கடைசியில்.

அவருக்கு ஊரில் என்ன நடந்தது என்று எங்களுக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். அவருடைய மேல்வகுப்பில் கதிரைகள் ஒவ்வொன்றாக வெறுமையாகின. ஜீப்பில் வந்தவர்கள், அந்தக் கதிரைகளில் இருந்த பெடியள் எங்கே என்று அவரைக் கேட்டார்கள். தெரியாது என்றார். உண்மையிலேயே தெரியாது. அதற்குப் பிறகு அவர் சைக்கிள் போன இடமெல்லாம் பின்னால் ஆள் வந்தது. ஒவ்வொரு இரவும் வேறு வேறு வீட்டில் படுத்தார். அவ்வளவுதான் சொன்னார், மிச்சத்தைக் கேட்டால் தேநீர் ஊற்றப் போய்விடுவார்.

நான் டொரீனின் விதியைச் சொல்லிக் கொடுத்தேன். "ஷன்னுக்கு முன்னால நிக்கிற 'கியூ'வில குத்து. முதல் ரெண்டையும் விழுங்குங்கோ. மெல்ல, நாக்கில படாமல்."

மனிதர் பழகினார். பாத்திரம் கழுவும்போது, முற்றத்தில் புல்லு வெட்டும்போது, குளிக்கும்போது. "ப்ர்ஸிக்யூஷன்." குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து 'க்யூ' மட்டும் பெரிதாகக் கேட்கும். நேர்முகம் நடந்த கிழமை அவர் விழுங்கிய விழுங்கலைக் கேட்டு இவர் பேப்பரையே கீழே வைத்துவிட்டார்.

"வெள்ளைக்காரன் தோத்தான், அண்ணை!"

மண்ணிறக் கம்பளம்

அந்த அறையில் மண்ணிறக் கம்பளமும் ஒரு மேசையும் மூன்று நாற்காலிகளும் இருந்தன. அதிகாரி மெலிந்த மனிதர், கம்பளிக் கையில்லாச் சட்டை போட்டிருந்தார். தடிமன் பிடித்து மூக்கைத் துடைத்தபடி இருந்தார். மரியாதையானவர். அத்தானுக்குத் தண்ணீர் வைத்தார். என்னைப் பார்த்து, "நீங்கள் பேசக்கூடாது, தெரியும்தானே?" என்றார். தலையாட்டினேன்.

அத்தான் இவருடைய கோட்டைப் போட்டிருந்தார். கை நீளம். விரல்நுனி மட்டும் தெரிந்தது.

பேர், ஊர், தொழில் எல்லாம் நல்லபடி போயிற்று. ஓம் என்று ஒரு தரமும் வரவில்லை. "யெஸ் சேர், யெஸ் சேர்," என்று பதமாகச் சொன்னார். பிறகு அதிகாரி நேராக நிமிர்ந்து கேட்டார்.

"ஏன் திரும்பிப் போகமுடியாது என்கிறீர்கள்?"

அத்தான் மூச்சை இழுத்தார். "பிகோஸ் ஒஃப் ப்ர்ஸிக்யூஷன், சேர்."

ஐயோ, அந்தக் 'க்யூ'வில் விழுந்த குத்து! டொரீன் கேட்டிருந்தால் கட்டிப்பிடித்திருப்பாள். எனக்குப் பெருமையில் நெஞ்சு நிறைந்தது.

அதிகாரி எழுதினார். எழுதிக்கொண்டே, "ப்ராஸிக்யூஷன். சரி. என்ன சார்ஜ்?" என்றார்.

நான் எட்டி அவர் எழுதிய சொல்லைப் பார்த்தேன்.

ஆங்கிலத்தில் இரண்டு சொல் இருக்கிறது. இரண்டுக்கும் உடம்பு ஒன்றேதான், 'தொடர்தல்' என்ற பழைய வேரிலிருந்து வந்தது. 'ப்ரொ' என்று தலை வைத்தால் வழக்குத் தொடர்வது. 'பெர்' என்று தலை வைத்தால் ஆளைத் தொடர்வது, விடாமல் தொடர்ந்து வருத்துவது. குத்து இரண்டிலும் ஒரே இடத்தில். வித்தியாசம் முழுக்கத் தலையில். அந்தத் தலையைத்தான் நாங்கள் குளிர்காலம் முழுக்க இருந்து விழுங்கப் பழகியிருந்தோம்.

பெர் என்றால் பாவம், அடைக்கலம் கொடுக்கலாம். ப்ரொ என்றால் குற்றவாளி, வழக்குக்குப் பயந்து ஓடிவந்தவன்.

அத்தானுக்கு 'சார்ஜ்' மட்டும்தான் கேட்டது. எங்கள் ஊர் ஆங்கிலப் பத்திரிகையில் சார்ஜ் என்றால் தடியடி. கூட்டத்துக்குள் பாய்ந்து அடிப்பது. அவர் முகம் தெளிந்தது. இந்த மனிதனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறதே என்று நினைத்திருக்கவேண்டும்.

"யெஸ் சேர். சார்ஜ். மெனி டைம்ஸ்."

"பல தடவை உங்கள்மேல் குற்றம் சாட்டியிருக்கிறார்களா?"

"நொட் ஒன்லி மீ, சேர். ஹோல் வில்லேஜ்."

அதிகாரியின் புருவம் உயர்ந்தது. "முழு ஊரின் மேலுமா?"

"யெஸ் சேர். விமின் அண்ட் சில்ரன் ஓல்சோ."

வேறு ஒரு நாளாக இருந்தால் நான் சிரித்துச் செத்திருப்பேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அதிகாரி பேனாவை வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, கெட்ட எண்ணம் இல்லாத ஒரு மனிதனுடைய கவலையோடு சொன்னார். "ஐயா, உங்கள் நாட்டில் உங்கள்மேல் வழக்குகள் இருந்தால், அதை அங்குள்ள நீதிமன்றத்தில்தான் பார்க்கவேண்டும். அதற்கு நாங்கள் ஒன்றும் செய்யமுடியாது."

நீதிமன்றம் என்ற சொல் அத்தானுக்கு விளங்கியது. ஏன் வந்தது என்று விளங்கவில்லை. மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணில் அக்காவையும் பிள்ளைகளையும் நான் கண்டேன். எனக்குக் கோபம் வந்தது. டொரீன்மேல், சார்ஜ்மேல், அந்தத் தடிமன்மேல், ஒரு உயிரெழுத்தில் ஒரு குடும்பத்தைத் தொங்கவிடுகிற அந்தப் பாஷைமேல்.

வாய் திறக்கக்கூடாது. விரல் மடக்கி, நாற்காலியின் மரக் கையில் தட்டினேன்.

ஒரே ஒரு தட்டு. முதல் தட்டு. பிறகு நிறுத்தினேன்.

அதிகாரி பார்த்தார். நான் இருமினேன்.

குசினியில் நான் எப்போதும் மூன்றாவதில்தான் குத்துவேன். முதலில் தட்டினால், "பிழை" என்பேன். அத்தான் என் விரலைப் பார்த்தார். அவருடைய உதடு அசைந்தது, சத்தம் இல்லை. நேர், என்று அது சொல்லியது எனக்குத் தெரியும். பிறகு கோட்டுக்கையை மேலே தள்ளிவிட்டு, அதிகாரியின் மேசையில் விரலால் தட்டத் தொடங்கினார். வகுப்பில் கடைசி வாங்குக்கும் கேட்கிற குரல்.

"பேர். சிக். கியூ. ஷன்."

நாலும் ஒரே சத்தம். ஒரு எழுத்துக்கும் பட்டினி இல்லை.

"பேர், சேர். பீ, ஈ, ஆர். நொட் ப்ரொ. பேர்." மூச்சு வாங்கினார். "நோ கேஸ் ஃபொலோயிங் மீ. மென், சேர். மென் ஃபொலோயிங் மீ."

அதிகாரி அசையாமல் இருந்தார். பிறகு பேனாவை எடுத்து, எழுதியிருந்த சொல்லை வெட்டினார்.

"அப்படியானால், சார்ஜ் என்றீர்களே?"

அத்தான் எழுந்தார். கையைத் தலைக்கு மேல் தூக்கி, தடியால் அடிப்பதுபோல் இறக்கிக் காட்டினார். பிறகு கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார், சட்டையின் மேல் பொத்தான்களைக் கழற்றினார், தோளை விலக்கிக் காட்டினார். காறையெலும்பு முறிந்து, பொருந்தாமல் கோணலாக ஒட்டியிருந்தது.

"திஸ் சார்ஜ், சேர்," என்றார்.

எங்கள் வீட்டில் மாதக்கணக்காக இருந்தவர். ஒரே மேசையில் சாப்பிட்டவர். ஒருநாளும் எங்களுக்குத் தெரியாது. நான் அழுதேன். அழக்கூடாது என்று அவர்கள் சொல்லவில்லையே. அதிகாரி தன் தடிமனுக்கு வைத்திருந்த கடதாசிப் பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

அதற்குப் பிறகு அத்தான் தன் கதை முழுவதையும் தன் ஆங்கிலத்தில் சொன்னார். எல்லா எழுத்தையும் சொன்னார், ஒன்றையும் விழுங்கவில்லை. நேரம் எடுத்தது. அந்த மனிதர் குறுக்கே பேசாமல், விளங்காத இடத்தில் திரும்பக் கேட்டு, கேட்டுக்கொண்டே இருந்தார்.

திங்கட்கிழமை டொரீனிடம் சொன்னேன். "உன் விதி எங்களைக் கொல்லப் பார்த்தது," என்றேன். அவள் தன் பிஸ்கட் டின்னைத் திறந்து என் முன்னால் வைத்தாள். அவள் பேசாமல் இருந்து நான் கண்டது அந்த ஒரு தரம்தான்.

சுவர் டெலிபோன்

குளிர் முடிந்து, எதிர்வீட்டுப் பிளம் மரம் பூத்திருந்தபோது பதில் வந்தது. இருக்கலாம். குடும்பத்தையும் அழைக்கலாம்.

டெலிபோன் எங்கள் குசினிச் சுவரில்தான் இருந்தது. பின்னேரம் எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்லி வெள்ளவத்தைக்கு எடுத்தோம். வீட்டுக்காரரின் போன், கீழ்த்தளத்தில். அக்கா படியிறங்கி ஓடிவரும் சத்தம்கூடக் கேட்டதுபோல இருந்தது. அத்தான் சொல்லவேண்டியதை வசனம் வசனமாகத் தயாரித்து வைத்திருந்தார்.

ஆனால் அன்றைக்கு லைன் சரியில்லை. சொன்னது திரும்பி அவர் காதிலேயே விழுந்தது. அந்தப் பக்கம் போவது பாதி, போகாதது பாதி.

"விசா கிடைச்சிட்டுது!" என்று கத்தினார் அத்தான்.

"என்ன? ஆருக்கு என்ன?" அக்காவின் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "கேக்கேல்லை! ஐயோ, ஆருக்கு என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை! அனுமதி தந்திட்டாங்கள்!"

"என்ன தந்திட்டாங்கள்? சொல்லுங்கோவன்!" அவள் அழத் தொடங்கிவிட்டாள். கடல் முழுக்க எழுத்துக்களை விழுங்கிக்கொண்டிருந்தது.

அத்தான் கண்ணை மூடினார். சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார். பிறகு சொன்னார், ஒவ்வொரு அசைக்கும் அதற்குரிய மாத்திரையையும் அதற்கு மேலேயும் கொடுத்து.

"வாங். கோ."

அந்தப் பக்கம் அழுகை நின்றது.

அக்காவை அவர் ஒருநாளும் 'வாங்கோ' என்று கூப்பிட்டதில்லை. தனி ஆளாக அவளுக்கு எப்போதும் 'வாரும்'தான். வாங்கோ என்றால் ஒருத்தியை இல்லை. அவளையும், இரண்டு பிள்ளைகளையும். அக்காவுக்கு அது விளங்கியது. சின்னவளின் பேரைச் சொல்லி, பெரியவளின் பேரைச் சொல்லி, "இங்க ஓடி வாங்கோடி, அப்பா கூப்பிடுறார்!" என்று அவள் படிக்கட்டைப் பார்த்துக் கத்தியது, ஒரு எழுத்தும் குறையாமல் மவுண்ட் ரோஸ்கில் வரைக்கும் வந்தது.

லைன் அறுந்துவிட்டது. அத்தான் ரிசீவரை மாட்டினார். வந்து மேசையில் தன் இடத்தில் உட்கார்ந்தார். கரண்டியை எடுத்தார். இரண்டு தட்டு. இரண்டும் ஒரே சத்தம்.

"நேர்," என்றார். "நேர்."

பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு இவர் அவருடைய நல்ல தோளில் கையை வைத்தார்.

வாய்பாட்டை நான்தான் சொன்னேன்.

"தேமா, அத்தான்."